மாப்பிள்ளை, மெஷினுக்குப் புதுச் சக்கு மாட்டிவிட்டோம்

என் தங்கையின் கையைப் பிடித்த நாள் முதல் என்னையும் கூடவே தாங்கிக்கொண்ட மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுகிறேன். அங்கே மூச்சிரைப்பு இல்லாமல் இருக்கிறீர்களா? ஆவாரம்பாளையத்தில் ஆடிக்காற்று அடித்து ஓய்ந்துவிட்டது. ஷெட்டின் தகரம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. மேலே கல் வைத்திருக்கிறோம். ஆணியடிக்க ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறான். வருவானா என்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கிற பத்திரிகையில் போடப்போகிறேன். நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை பேசத் தயங்குகிற நான் இப்படிச் செய்வது உங்களுக்கு வியப்பாக இருக்கும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். வகுப்பில் கணக்கு நடத்திய பழக்கம்.

முதலில் வசந்தாவைப் பற்றி. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அல்லது தூங்குவது போல் படுத்திருக்கிறாள். காரியம் முடிந்த கையோடு பிரபு அவளை ஓசூருக்குக் கூப்பிட்டான். உங்கள் பையன் நல்லவன். அம்மா தனியாக இருக்கக் கூடாது என்ற கவலை அவனுக்கு. "மெஷின வித்துப்போட்டு எங்கூட வந்துருங்கம்மா. இனியும் நீங்க எதுக்கு இரும்பத் தூக்கிக்கிட்டு" என்றான்.  அன்று சாயங்காலம் வசந்தா ஷெட்டைத் திறந்து, நீங்கள் பாதியில் விட்டுப்போன, பம்புக் குழாயை இணைக்கிற வட்டத் தட்டுகளான ஃபிளேஞ்சுகளை எடுத்து வரிசையாக அடுக்கினாள்.

"அவரு இருமிக்கிட்டுக் கெடந்தப்பவெல்லாம் ஹோல் போட்டது யாருன்னு நெனைக்கறீங்கண்ணா?" என்றாள் என்னிடம். "நான் ஓட்டறேன். ஓசூர்ல மாடி ஊட்டுல கதவச் சாத்திக்கிட்டு டிவி பார்த்துக்கிட்டு உக்கார என்னால ஆகாது."

எனக்கு அது உண்மையென்று தெரியும். ஆனால் நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து பிட்டைத் தொடவைத்துக் கொடுக்க ஹோல் போடுவது ஒன்று, அந்த மெஷினில் தனியாக ஹோல் போடுவது இன்னொன்று. உங்கள் டிரில்லிங் மெஷினின் ஆட்டம் ஊருக்கே தெரிந்த கதைதானே. துளைபோடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கிற சக்கு சுற்றும்போது, பிட்டின் நுனி ஓர் இடத்தில் நிற்காமல் காற்றில் சின்ன வட்டம் போடும். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வாசலில் நின்று, "ஏனுங்க, உங்க மெஷின் கரகாட்டத்துக்குப் போகுதுங்களா?" என்று கேட்பார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே லீவரைப் பிடித்து இறக்குவீர்கள். பிட் இரும்பைத் தொடும் இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, லேசாக விட்டுப் பிடித்து, அதன் பிறகு அழுத்துவீர்கள். ஹோல் சரியாக வந்துவிடும். அந்த நிறுத்தம் உங்கள் கையில் இருந்தது. வசந்தா உங்கள் பக்கத்திலேயே நின்றவள்தான் என்றாலும் அது அவள் கைக்கு வரவில்லை.

பம்ப் கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் வந்தார். வசந்தா போட்டுக் கொடுத்த சாம்பிளைத் தயக்கத்தோடு மேசைமேல் வைத்தார்.

"ஹோல் பெருசாப் போயிருச்சுங்கக்கா. போல்ட்டு உள்ள போயி கூத்தாடுதுங்க."

வசந்தா ஒரு போல்ட்டை எடுத்து ஹோலில் விட்டு ஆட்டிப் பார்த்தாள்.

"அண்ணன் இருந்தவரைக்கும் நாங்க கேஜ் வச்சுப் பார்த்ததே இல்லீங்க. இப்ப மேல கேக்கறாங்க. இன்னொரு சாம்பிள் போட்டுக் குடுங்க. சரியா இருந்தா லோடு எறக்கிப்போடறோம். இல்லீன்னா..." என்று என்னைப் பார்த்தார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விட்டேன்.

அன்றே பிரபு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டான். வசந்தா அவனிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "ஒரு சாம்பிள் இருக்குது கண்ணு. அது பாஸாகலீன்னா நான் உன்ற கூடவே வந்தர்றேன். மெஷின எடைக்குப் போட்டுரு."

எடைக்கு என்று அவள் சொன்னபோது குரலில் எந்த மாற்றமும் இல்லை. நான்தான் ஷெட்டுக்குப் போய் மெஷினை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தேன்.

சக்கு தேய்ந்திருந்தது என்னவோ நிஜம். மூன்று பல்லில் ஒன்றின் முனை உடைந்திருந்தது. புதுச் சக்கு போட்டால் ஆட்டம் போய்விடும் என்று எனக்குப் பட்டது. பட்டதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். தொழில் தெரியாதவன் சொல்லி, செலவு செய்து, அதற்குப் பிறகும் ஆடினால்? கடைசியில் வசந்தாவே சொன்னாள். "சக்க மாத்திப் பார்த்தரலாமுங்களாண்ணா?" நான் நிம்மதியாகத் தலையாட்டினேன்.

மாற்றுவது எப்படி என்று ஒரு புத்தகத்தில் படித்துக்கொண்டேன். படம் வரைந்தும் பார்த்தேன். அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருந்தது. மெஷினின் சுழல்தண்டு நுனியில் கூம்பாகக் கடைந்திருக்கிறது. சக்கின் முதுகில் அதே அளவில் ஒரு குழி. திருகும் இல்லை, பூட்டும் இல்லை. சுத்தமான இரண்டு இரும்புகள் ஒன்றையொன்று முழுக்கத் தொட்டால் போதும், தாமாகவே பிடித்துக்கொள்கின்றன. அவ்வளவு பாரத்தையும் அந்தத் தொடுகைதான் தாங்குகிறது.

கழற்றும் நாளில் மெயினை அணைத்தேன். அது போதாதென்று ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பெல்ட்டையும் கழற்றினேன். வசந்தா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெல்ட்டையும் கழட்டிப்போட்டீங்க, பீஸையும் புடுங்கிப்போட்டீங்க. ஒரு எட்டு கரண்டாபீசுக்குப் போயி அவிங்ககிட்டயும் சொல்லிப்போட்டு வந்துருங்கண்ணா."

நீங்கள் போன பிறகு அவள் செய்த முதல் கேலி அது. நான் பல்பு மாற்றுவதைப் பார்த்து, "மச்சான் மாத்தி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சே போயிருமுங்க, அப்பறம் பல்பு எதுக்குங்க?" என்று நீங்கள் கேட்டது எனக்கு நினைவு வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும். 

தண்டுக்கும் சக்குக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஆப்பு வைத்தேன். சுத்தியலால் தட்டினேன். என் தட்டு ஈ உட்காருவதைப் போல இருந்திருக்கும். வசந்தா சுத்தியலை வாங்கி ஒரே அடி அடித்தாள். கீழே மடித்துப் போட்டிருந்த சாக்கில் சக்கு பொத்தென்று விழுந்தது.

தண்டின் நுனி வெளியே வந்தது. இத்தனை வருடத்தில் வெளிச்சமே படாத இடம். மற்ற இடமெல்லாம் மெருகாக இருக்க, ஒரு பக்கம் மட்டும் காய்ந்து இறுகிய சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. நான் துரு என்று நினைத்துக் கண்ணாடியைச் சரிசெய்து குனிந்தேன்.

"துரு இல்லீங்கண்ணா" என்றாள் வசந்தா. "அது நான் வச்ச பொட்டு."

எங்கள் வீட்டுப் பெண் உங்கள் வீட்டுக்கு வந்த மறுவருடம் அந்த மெஷின் வந்தது, இல்லையா? ஏதோ ஒரு மில்லில் கழித்துப்போட்ட மெஷின். வண்டியில் குலுங்கி விழுந்துவிடும் என்று சக்கைத் தனியாகக் கழற்றிச் சாக்கில் கட்டி அனுப்பியிருந்தார்கள். மெஷினை நிறுத்தியதும் உங்கள் வீட்டார் சந்தனமும் குங்குமமும் வசந்தா கையில் கொடுத்திருக்கிறார்கள். புதுப் பெண்டாட்டி, இரும்பைப் பற்றி என்ன தெரியும்? எது முன்னால் நீட்டிக்கொண்டிருந்ததோ அதுதான் மெஷினுக்கு நெற்றி என்று நினைத்து, அந்தக் கூம்பின் மேல் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்துவிட்டாள்.

"அவரு பார்த்துக்கிட்டுத்தான் நின்னாரு. ஒண்ணுமே சொல்லல. அதும்மேலயே சக்கத் தூக்கி மாட்டி மரச்சுத்தியால அடிச்சுப்போட்டாரு. 'பொட்டு உள்ள போயிருச்சேங்க'ன்னேன். 'உள்ளதான் பத்திரமா இருக்கும் அம்மணி'ன்னாரு."

மாப்பிள்ளை, நான் கேட்கிறேன். உங்களுக்குத் தெரியும்தானே? தொழில் கற்றவர் நீங்கள். அந்த இடத்தில் ஒரு தலைமுடி இருந்தாலும் சக்கு சாயும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? சக்கை மாற்றிக் கொள்ளுங்கள் என்று எத்தனை பேர் சொன்னார்கள். "ஆடினா ஆடிட்டுப் போகுதுங்க, எனக்குப் பழகிப்போச்சு" என்று அத்தனை பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னீர்களே. சிக்கனம் என்று நான் நினைத்தேன். ஒருவேளை நிஜமாகவே சிக்கனம்தானோ? அன்று அவசரத்தில் மாட்டி, பிறகு மறந்துவிட்டீர்களோ? நான் இல்லாத அர்த்தத்தைக் கற்பித்துக்கொள்கிறேனோ? எனக்கு எதிலும் முழு நிச்சயம் வருவதில்லை. நீங்கள் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். நீங்கள் இருந்திருந்தால் சக்கைக் கழற்றியிருக்கவும் மாட்டோம்.

மறுநாள் பழைய சக்கைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு டவுன்ஹால் பக்கம் உள்ள டூல்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரப் பாய் அதைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"இதுக்கு ரிட்டையர்மென்டு குடுத்துருங்க சார். நம்மளவிட வயசாயிருச்சு."

அளவு பார்க்க முதுகுக் குழிக்குள் விரலை விட்டார். வெளியே எடுத்து விரல் நுனியைப் பார்த்தார். "செவப்பா என்னமோ ஒட்டுதுங்களே. துருங்களா?"

"துருதான்" என்றேன்.

அதே அளவில் புதுச் சக்கு எடுத்துக் கொடுத்தார். "மாட்டறப்ப ரெண்டு பக்கமும் பனியன் வேஸ்ட்டுல நல்லாத் தொடச்சுப்போட்டு மாட்டுங்க. அழுக்கு கிழுக்கு இருந்தா புதுசும் ஆடத்தான் ஆடும். அப்பறம் பாய் ஏமாத்திப்போட்டான்னு எம்மேல வருத்தப்படக் கூடாது" என்று சிரித்தார். அழுக்கு என்ற சொல்லோடு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் ஷெட்டில் எல்லாம் தயாராக இருந்தது. ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய், திருப்பூர் பனியன் வேஸ்ட் பஞ்சு ஒரு கைப்பிடி, புதுச் சக்கு, மரச்சுத்தி. வசந்தா காப்பி வைக்க உள்ளே போயிருந்தாள். துடைப்பது ஒரு நிமிட வேலை. பஞ்சை நனைத்துக் கையில் எடுத்துக்கொண்டு அந்த நுனிக்கு முன்னால் நின்றேன்.

காரியத்தன்று பின்கட்டில் பெண்கள் வசந்தாவைச் சுற்றி உட்கார்ந்து செய்ததெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. நான் அப்போது வாசலில் பந்தல்காரனோடு நின்றிருந்தேன். அண்ணன் என்ற முறையில் புதுச்சேலை என் கையால்தான் போனது. கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். அவள் உள்ளே இருந்து வெளியே வந்தபோது நெற்றி வெறுமையாக, கழுவிய தட்டைப் போல இருந்தது. அதை நான் நிமிர்ந்து பார்க்க இரண்டு நாள் ஆயிற்று.

இப்போது மிச்சம் இருக்கிற ஒன்றையும் நானே துடைக்க வேண்டுமா?

துடைக்கவில்லை மாப்பிள்ளை. மெல்லிய படிவுதானே, இத்தனை வருடத்தில் நசுங்கி ஒன்றுமில்லாமல் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குக் கணக்குப் போட்டால் என்ன விடை வரும் என்று எனக்குத் தெரியும். போடவில்லை. புதுச் சக்கை அதன் மேலேயே மாட்டி அடித்துவிட்டேன்.

பெல்ட்டை மாட்டி, ஃபியூஸைப் போட்டு, ஒரு பிட்டைக் கவ்வ வைத்து ஓட்டினோம். பிட்டின் நுனி காற்றில் வட்டம் போட்டது. பழைய வட்டம்தான்.

"சக்கு சரியில்லையோ என்னமோ" என்றேன். "நாளைக்குக் கொண்டுபோய் மாத்திக் கேக்கறேன் அம்மணி."

வசந்தா ஸ்விட்சை அணைத்தாள். சுற்றி நிற்கும் வரை பிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம், அந்தப் பாய் மேல எதுக்குங்கண்ணா பழியப் போடறீங்க?"

நான் தரையைப் பார்த்தேன்.

"பஞ்சக் கையில வச்சுக்கிட்டு நின்னீங்க. நான் காப்பியோட வாசப்படிக்கிட்டயே நின்னு பார்த்தேன். காப்பி ஆறியே போச்சு."

"என்னால முடியல கண்ணு."

"தெரியுமுங்க. அதான் நானும் உள்ள வரல. நீங்களே முடிச்சுப்போட்டா நான் பார்க்காம இருந்துக்கலாமுன்னு இருந்தேன்." நின்றுபோன பிட்டை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னாள்: "அவரு கைக்கு இந்த ஆட்டம் பழகியிருந்துச்சு. என்ற கைக்கு ஆகாதுங்கண்ணா. இத வச்சுக்கிட்டு நான் ஓசூர் போறதா, தொடச்சுப்போட்டு இங்க இருக்கறதா? அவரயே கேட்டா என்ன சொல்லுவாரு?"

 அதை அவள் என்னிடம் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

மறுபடியும் ஆப்பு வைத்தோம். சக்கு இறங்கியது. நான் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"குடுங்கண்ணா. என்ற நெத்தியில இருந்தத ஊரே கூடித் தொடச்சாங்க. இத நானே தொடச்சுக்கறேன்."

அவசரப்படாமல் துடைத்தாள். குழந்தைக்கு முகம் துடைப்பது போல, ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி. பஞ்சில் முதலில் பழுப்பு வந்தது. பிறகு சிவப்பு வந்தது. இத்தனை வருடம் கழித்தும் நல்ல சிவப்பு. அதைப் பார்த்ததும் அவள் கை நின்றது. நான் வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன். போகவில்லை. அந்த அளவுக்காவது ஒன்றைச் செய்தேன். பக்கத்திலேயே நின்று, அடுத்த பஞ்சை நனைத்துக் கொடுத்தேன்.

துடைத்து முடித்த பிறகு விரலால் தடவிப் பார்த்தேன். எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் பொட்டு இருந்த இடத்தில் இரும்பே கொஞ்சம் நிறம் மாறியிருந்தது. அது போகவில்லை. அது சக்கைத் தடுக்காது என்று வசந்தாவிடம் சொன்னேன். "இருக்கட்டும்" என்றாள்.

சக்கை மாட்டி அடித்தது அவள்தான். ஓட்டியபோது பிட் சுற்றுகிறதா நிற்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. மோட்டார் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சூப்பர்வைசர் கேஜோடு வந்தார். அதன் ஒரு முனை ஹோலுக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. ஃபிளேஞ்சில் ஒவ்வொரு ஹோலாகப் பார்த்தார். வசந்தா அவர் கையைப் பார்க்காமல், காம்பவுண்டு சுவரில் போகிற பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதையும் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பாஸுங்கக்கா" என்றார். "நாளைக்கு லோடு வருமுங்க. அண்ணன் போட்டாப்பலயே இருக்குது."

அவர் போன பிறகு வசந்தா மெஷின் பக்கத்தில் நீங்கள் உட்காரும் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். நீங்கள் போனதிலிருந்து யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. அழுதாளா என்று கேட்காதீர்கள். நான் தகரத்தின் மேல் கல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

பிரபுவிடம் அவள் போனில் சொன்னது இவ்வளவுதான்: "தீவாளிக்கு நீங்க எல்லாம் இங்க வந்துருங்க கண்ணு. எனக்கு இங்க வேலை கெடக்குது."

மெஷின் நேராகிவிட்டதில் எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. இனி அதில் யார் கை வைத்தாலும் ஹோல் சரியாக வரும். உங்கள் கையின் அந்த ஒரு கண நிறுத்தம் இனி யாருக்கும் தேவையில்லை. அது நல்லதுதானே? நல்லதுதான் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நேற்று கவனித்தேன். பிட் இரும்பைத் தொடும் இடத்தில் வசந்தா ஒரு கணம் நிறுத்தத்தான் செய்கிறாள். தேவையில்லை என்று அவளுக்குத் தெரியாதா, தெரிந்தே செய்கிறாளா? நான் கேட்கவில்லை.

இப்போது கடைசிச் செய்தி. ஆயுத பூஜை வருகிறது. இந்த வருடம் பிரபுவின் பெண்டாட்டி ஓசூரிலிருந்து வந்து மெஷினுக்குப் பொட்டு வைக்கட்டும், வசந்தா அன்று ஷெட்டுப் பக்கம் வராமல் இருந்துகொள்ளட்டும் என்று உங்கள் அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வழக்கத்தைச் சொல்கிறார். வசந்தா என்னிடம், "நீங்க என்ன சொல்றீங்கண்ணா?" என்று கேட்டாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன்.

"வாயில வர்லீன்னா எழுதியாச்சும் சொல்லுங்க" என்றாள். "காலேஜுல பாடம் நடத்துன மனுசன்தானுங்களே."

அதனால் எழுதுகிறேன். நம் சொந்தபந்தம் எல்லோரும் இதைப் படிப்பார்கள் என்பதற்காகவே எழுதுகிறேன். அந்த மெஷினை ஓட்டுகிறவள் வசந்தா. அதற்கு முதல் பொட்டு வைத்தவளும் அவள்தான். இந்த ஆயுத பூஜைக்கும் அவள்தான் வைப்பாள். இந்த முறை வெளியே, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், பெல்ட் மூடியின் மேல். பழைய சக்கும் பூஜையில் இருக்கும். அதை எடைக்குப் போடவில்லை. அதன் குழிக்குள் ஒட்டியிருக்கும் சிவப்பையும் நாங்கள் துடைக்கவில்லை.

சந்தனத் தட்டை நான் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நிற்பேன். யாராவது ஏதாவது கேட்டால், வாசலுக்குப் போய்விடாமல், நானே பதில் சொல்வேன். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். தட்டை ஆடாமல் பிடித்துக்கொள்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
வசந்தாவுக்கு அண்ணனும்,
உங்களுக்கு என்றும் மச்சானும்.